புதிய கடைக்குச் சிக்கனமான விளம்பர மடிப்பிதழ்: எதில் செலவழிக்கலாம், எதில் வேண்டாம்

கேள்வியின் சாரம் இதுதான்: கோபிசெட்டிபாளையத்தில் புதிதாக மரச்செக்கு எண்ணெய்க் கடை தொடங்கியிருக்கிறீர்கள். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் கடையிலேயே ஆட்டி விற்கிறீர்கள். கடையை ஊருக்கு அறிமுகப்படுத்த வண்ணத்தில் ஒரு மடிப்பு நோட்டீஸ் வேண்டும், ஆனால் வடிவமைப்பாளரை அமர்த்தும் அளவுக்குக் கையில் பணம் இல்லை. ஓர் அச்சகத்தில் 5,000 பிரதிகள் அடித்தால் ஒன்றின் விலை மிக மலிவாக விழும் என்கிறார்கள், அடிக்கலாமா?

இப்போதைக்கு 5,000 வேண்டாம் என்பதுதான் என் பதில். அச்சகத்தார் சொல்லும் கணக்கில் பொய் இல்லை, ஆனால் அது ஒரு பிரதியின் விலையைப் பற்றிய கணக்கு. உங்கள் கையை விட்டுப் போகும் மொத்தப் பணத்தை அது காட்டுவதில்லை. தொடங்கி ஆறு மாதம் ஆவதற்குள் எள் விலை ஏறும், கடை நேரம் மாறும், எந்த எண்ணெய் ஓடுகிறது எது தேங்குகிறது என்பது தெரியவரும், வாங்க வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி நீங்கள் எதிர்பார்த்த கேள்வியாக இருக்காது. இவையெல்லாம் தெரிவதற்கு முன்பே 5,000 பிரதிகளை அடித்து இறக்கினால், பாதிக் கட்டு பிரிக்கப்படாமலே கல்லாவுக்குக் கீழே கிடக்கும். சிறு கடைகளின் அச்சுச் செலவில் பெரும்பகுதி இப்படித்தான் வீணாகிறது. தாளின் தரத்தைக் குறைத்தும் அச்சகத்தாரிடம் பேரம் பேசியும் மிச்சம் பிடிக்கக்கூடிய தொகை அதைவிடச் சிறியது.

ஏன் எண்ணிக்கை கூடக்கூட விலை குறைகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் முடிவெடுப்பது எளிது. ஆஃப்செட் முறையில் வண்ணப் பக்கம் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு மைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு மைக்கும் தனித்தனி பிளேட் (அச்சுத் தகடு) எடுக்கப்படுகிறது. பிளேட்டை எந்திரத்தில் பூட்டி, நான்கு நிறங்களும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும் வரை ஓட்டும் தாள்கள் எல்லாம் கழிவு. நீங்கள் 100 கேட்டாலும் 10,000 கேட்டாலும் இந்தத் தொடக்கச் செலவு ஒன்றுதான். கணக்குப் புரிவதற்காக மட்டும், தொடக்கச் செலவு 3,000 ரூபாய், அதன் பிறகு பிரதிக்குத் தாளும் ஓட்டுக்கூலியும் 2 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அப்போது 500 பிரதிகள் அடித்தால் ஒன்று 8 ரூபாய், 1,000 என்றால் 5 ரூபாய், 2,000 என்றால் 3.50 ரூபாய். கணினிக் கோப்பிலிருந்து நேராக அடிக்கும் டிஜிட்டல் அச்சில் பிளேட் கிடையாது. பிரதி 12 ரூபாய் என்றால் 100 அடித்தாலும் 12, 1,000 அடித்தாலும் ஏறத்தாழ அதே 12. இந்தக் கணக்கில் இரண்டும் சமமாகும் இடம் 300 பிரதிகள். உங்கள் ஊரில் கிடைக்கும் உண்மையான விலைகளை இரண்டு அச்சகங்களில் கேட்டு இதே முறையில் போட்டுப் பாருங்கள். சமமாகும் எண்ணிக்கை எது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆகவே என் ஆலோசனை இது. முதலில் டிஜிட்டல் முறையில் 200 அல்லது 300 பிரதிகள் மட்டும் அடியுங்கள். அவற்றைப் பொறுக்கியெடுத்த இடங்களில் கொடுத்து, மூன்று மாதம் கடையில் என்ன கேட்கிறார்கள் என்று கவனித்து, பிழைகளையும் விடுபட்டவற்றையும் சரிசெய்த பிறகு 2,000 ஆஃப்செட்டில் போடுங்கள். முதல் சுற்றில் பிரதிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பீர்கள் என்பது உண்மைதான். 5,000 பிரதிகளில் ஒரு தவறான வரியோடு மாட்டிக்கொள்வதைவிட அது மிகவும் மலிவு.

செலவைக் குறைப்பதில் இதற்கு அடுத்தபடியாகப் பெரிய வேலை, மாறுவதையும் மாறாததையும் பிரித்து வைப்பது. கடையின் பெயர், இடம், செக்கு எப்படி ஓடுகிறது, எதை எங்கிருந்து வாங்குகிறீர்கள் என்பவை எளிதில் மாறாதவை. விலை, தள்ளுபடி, பண்டிகைச் சலுகை, வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் வசதி ஆகியவை அடிக்கடி மாறுபவை. மாறாதவற்றை மட்டும் வண்ண மடிப்பிதழில் அச்சிட்டுக்கொண்டு, விலைப்பட்டியலை ஒரே நிற மையில் சிறிய துண்டுச் சீட்டாகத் தனியே அடித்து மடிப்புக்குள் செருகிவிடுங்கள். எள் விலை ஏறினால் சீட்டை மட்டும் மாற்றினால் போதும். அவசரத்துக்கு ஜெராக்ஸ்கூட எடுத்துக்கொள்ளலாம். சலுகைகளுக்கு ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று செய்துகொள்வது இன்னும் எளிய வழி. தீபாவளி வாரத்துக்கு ஒரு ஸ்டாம்ப், பொங்கலுக்கு இன்னொன்று என்று சீட்டின் ஓரத்தில் குத்திக் கொடுப்பதற்காக யாரும் உங்களைக் குறைவாக நினைக்கப்போவதில்லை.

இனி எழுத்துக்கு வருவோம். இதற்குப் பணமே தேவையில்லை, நேரம்தான் தேவை; ஆனால் பெரும்பாலானவர்கள் அவசரப்பட்டு முடிப்பது இதைத்தான். கணினியில் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்து தரும் டிடிபி சென்டரில் உட்கார்ந்துகொண்டு ‘என்ன போடலாம் சொல்லுங்க’ என்று ஆபரேட்டரிடம் கேட்டால், அவர் இதற்கு முன் செய்த நோட்டீஸிலிருந்து ‘தரம், சுத்தம், சுவை’ என்று மூன்று சொற்களை எடுத்துப் போடுவார். எந்த எண்ணெய்க் கடைக்கும் பொருந்துகிற வரி உங்கள் கடைக்கு எந்த உதவியும் செய்யாது. அதைவிட, கடைக்கு வருகிறவர்கள் உண்மையில் கேட்பதை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வரியில் பதில் எழுதுங்கள்.

அந்தக் கேள்விகள் என்னவாக இருக்கும் என்பதை ஊகிப்பது கடினமில்லை. சூப்பர் மார்க்கெட் பாக்கெட்டைவிட உங்கள் எண்ணெய் ஏன் விலை கூடுதல்? கடலை எண்ணெயில் வடை போட்டால் ஏன் நுரைக்கிறது? பாட்டிலின் அடியில் கசடு தங்குகிறதே, கெட்டுவிட்டதா? நல்லெண்ணெயில் கருப்பட்டி சேர்க்கிறீர்களா? எங்கள் தோட்டத்து எள்ளைக் கொண்டுவந்தால் ஆட்டித் தருவீர்களா, கூலி எவ்வளவு, பிண்ணாக்கு யாருக்கு? இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் தெளிவாகப் பதில் அச்சிட்டிருந்தாலே சுற்றுவட்டாரத்து விவசாயிகள் அந்தத் தாளைப் பத்திரமாக எடுத்துவைப்பார்கள்.

விலைக் கேள்விக்குச் சிறந்த பதில் கணக்குதான். உங்கள் செக்கில் ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு எத்தனை கிலோ எள் போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதை அப்படியே எழுதுங்கள். ‘மிகச் சிறந்த தரம்’ என்பதைவிட ‘ஒரு லிட்டருக்கு இத்தனை கிலோ எள்’ என்ற வரியை மக்கள் நம்புவார்கள், ஏனென்றால் எள் விலை அவர்களுக்குத் தெரியும், மனக்கணக்காகவே போட்டுப் பார்ப்பார்கள். நுரைக்கும் கேள்விக்கு, சுத்திகரிப்பில் நீக்கப்படும் பசைப்பொருள்கள் செக்கெண்ணெயில் தங்கியிருப்பதால்தான் நுரைக்கிறது, ஆகவே வாணலியைக் கொஞ்சம் பெரிதாக வைத்து அளவாக ஊற்றுங்கள் என்று எழுதலாம். முகப்புக்கு ‘காலை 10 மணி முதல் 1 மணி வரை செக்கு ஓடும், நேரில் வந்து பார்த்து வாங்கலாம்’ என்பது போன்ற ஒரு வரி போதும். அதில் நேரம் இருக்கிறது, அழைப்பு இருக்கிறது, மறைக்க எதுவும் இல்லை என்ற உறுதியும் இருக்கிறது.

எழுதக்கூடாதவை பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் செக்கெண்ணெய் நோட்டீஸ்களில் இது ஒரு தொற்றாகவே பரவியிருக்கிறது. சர்க்கரை நோய் குணமாகும், ரத்த அழுத்தம் இறங்கும், புற்றுநோய் வராது என்றெல்லாம் அச்சிடாதீர்கள். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டத்தின் 53ஆவது பிரிவு, தவறாக வழிநடத்தும் உணவு விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. நோயைக் குணப்படுத்துவதாகச் சொல்லிப் பொருளை விளம்பரப்படுத்துவதைத் தடுக்க 1954ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. நீரிழிவு, புற்றுநோய், உடல்பருமன் ஆகியவை அதன் பட்டியலில் உள்ளவை. ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்ற வரியும் உங்கள் கடைக்கே உரிய சிறப்பு அன்று. தாவர எண்ணெய் எதிலும் இயல்பாகவே அது இருப்பதில்லை என்பதால், அதைத் தனிப்பெருமையாகப் போடுவது வாங்குகிறவரைக் குழப்பும். அந்த இடத்தில் உங்கள் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம்) பதிவு எண்ணைப் போடுங்கள். அது 14 இலக்கம். ஓர் இலக்கம் தவறினாலும் வேறு யாருடைய எண்ணாகவோ ஆகிவிடும் என்பதால் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வடிவமைப்பாளர் இல்லாமல் செய்ய முடியுமா என்றால், இந்த அளவு வேலைக்கு முடியும். இணையத்தில் வடிவமைக்க உதவும் கேன்வாவின் இலவசப் பதிப்பே போதும். கொஞ்சம் பொறுமை இருந்தால் இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் என்ற இரண்டும் முற்றிலும் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்கள். தமிழ் எழுத்துருக்களுக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, பவனம் ஆகியவை திறந்த உரிமத்தில் கிடைப்பவை, வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். தலைப்புக்கு ஒன்று, உள்ளே ஒன்று என இரண்டு எழுத்துருக்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள் எழுத்தின் அளவு 10 அல்லது 11 பாயின்டுக்குக் கீழே இறங்க வேண்டாம்; எண்ணெய் வாங்கும் முடிவை எடுப்பவர்களில் பலர் கண்ணாடியைத் தேடுகிற வயதினர்.

தமிழில் அச்சிடும்போது மட்டும் வரும் ஒரு தொல்லையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கரும்பச்சையிலோ அரக்கிலோ பின்னணி வைத்து அதன்மேல் வெள்ளை எழுத்துப் போடுவது திரையில் அழகாகத் தெரியும். தாளில் அடிக்கும்போது சுற்றியுள்ள மை லேசாகப் பரவி, சிறிய வெள்ளை இடைவெளிகளை அடைத்துவிடும். முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளி, அடுத்து ண, ன ஆகியவற்றின் சுழி. ‘எண்ணெய்’ என்ற சொல்லில் இரண்டு புள்ளிகள் இருக்கின்றன. இரண்டும் அடைபட்டால் உங்கள் கடையில் விற்கும் பொருளின் பெயரே பிழையாக அச்சாகிவிடும். ஆகவே சிறிய எழுத்து எப்போதும் வெளிர் பின்னணியில் கறுப்பாகவே இருக்கட்டும். அந்தக் கறுப்பும் நான்கு மைகள் கலந்த கறுப்பாக இல்லாமல் கறுப்பு மை மட்டும் நூறு சதவீதமாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் நான்கு பிளேட்டுகளில் ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தின் ஓரத்தில் நிழல் தட்டும். கேன்வாவின் இலவசப் பதிப்பிலிருந்து எடுக்கும் பிடிஎஃப் திரைக்குரிய நிறமுறையில் வருவதால் இந்தச் சிக்கல் வர வாய்ப்புண்டு. ‘எழுத்தை சிங்கிள் பிளாக்காக மாற்றிவிடுங்கள்’ என்று ஆபரேட்டரிடம் சொன்னால் அவருக்குப் புரியும்.

டிடிபி சென்டரிலேயே வடிவமைப்பதானால் இன்னொன்றைக் கவனியுங்கள். பல இடங்களில் இன்னும் பேஜ்மேக்கர், பழைய கோரல்டிரா போன்ற மென்பொருள்களும், கைப்பேசியிலும் இணையத்திலும் நாம் பயன்படுத்தும் யூனிகோடு முறையில் இல்லாத எழுத்துருக்களும்தான் புழக்கத்தில் இருக்கின்றன. நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் யூனிகோடு வரிகளை அவர்கள் மாற்றி மென்பொருளில் போட்டு எடுப்பார்கள், அல்லது திரும்பத் தட்டச்சு செய்வார்கள். இரண்டிலும் பிழை நுழையும். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், மேற்கோள்குறி வேறு எழுத்தாக மாறியிருக்கும், சில வேளைகளில் எண்கள்கூட மாறும். நீங்கள் சரிபார்த்து அனுப்பிய உரைதானே என்று நம்பிவிடாமல், மாற்றிய பிறகு முதல் வரியிலிருந்து மீண்டும் படிக்க வேண்டும்.

படங்களைக் கூகுளில் தேடி எடுக்காதீர்கள். பதிப்புரிமைச் சிக்கல் ஒருபுறமிருக்க, நூறு கடைகளின் நோட்டீஸில் இருக்கும் அதே செக்குப் படம் உங்கள் தாளிலும் வந்தால், நேரில் ஓடுகிற செக்கு இருந்தும் அதைக் காட்டாமல் விட்டவர் ஆவீர்கள். கைப்பேசிக் கேமராவே போதும். காலை வெயில் நேரடியாக விழாத வாசற்பக்கத்தில், பாட்டிலுக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சார்ட் அட்டையை வைத்து எடுத்தால் நல்லெண்ணெயின் நிறம் உண்மையாக வரும். ஃபிளாஷ் போட்டால் கண்ணாடியில் வெள்ளைத் திட்டுதான் விழும். எண்ணெய்க் கடைக்காரருக்கு மட்டும் சொல்ல வேண்டிய குறிப்பு ஒன்று: எடுப்பதற்கு முன் லென்சைத் துடையுங்கள், எண்ணெய்க் கை பட்டிருக்கும். தாளில் 10 செ.மீ. அகலத்தில் வர வேண்டிய படத்துக்கு அகலவாக்கில் சுமார் 1,200 பிக்சல் தேவை. அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள், அல்லது மின்னஞ்சலிலோ பென்டிரைவிலோ கொடுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, ஏ4 தாளை இரண்டு இடத்தில் மடித்து ஆறு பக்கமாக்கும் முறை உங்கள் தேவைக்குப் பொருந்தும்; மடித்தால் சட்டைப் பையில் போகும், எண்ணெய் பாட்டிலோடு பையில் போடவும் வாகானது. இதில் புதிதாகச் செய்பவர்கள் அறியாத நுணுக்கம் ஒன்று உண்டு. ஏ4 தாளின் நீளம் 297 மி.மீ.; அதை மூன்றால் வகுத்து ஆளுக்கு 99 என்று பிரித்தால், உள்ளே மடியும் இதழ் மற்ற இரண்டுக்கும் நடுவே இடிபட்டுப் புடைத்து நிற்கும். 100, 100, 97 என்று பிரித்து, உள்ளே போகும் இதழைச் சிறியதாக வைக்க வேண்டும். தாளைத் திருப்பினால் வரிசை மாறும் என்பதால் உட்பக்கத்தில் வலக்கோடியிலும் வெளிப்பக்கத்தில் இடக்கோடியிலும் அந்த 97 வரும். கணினியில் உட்காரும் முன் ஒரு வெள்ளைத் தாளை மடித்து, ஒவ்வொரு இதழிலும் என்ன வருகிறது என்று பென்சிலால் எழுதிவிட்டால் இந்தக் குழப்பமே வராது. பின்னணி நிறம் ஓரம் வரை வருவதானால் நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக விட வேண்டும். வெட்டும்போது கத்தி சற்று நகரும் என்பதால், எழுத்து எதுவும் ஓரத்திலிருந்து 5 மி.மீ.க்குள் வரக்கூடாது.

தாளுக்கு 130 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஆர்ட் பேப்பர் போதுமானது. 170க்கு மேல் போனால் கனமாகத் தெரியும் என்பது சரிதான், ஆனால் மடிக்குமிடத்தில் கிரீசிங் (முன்கூட்டியே அழுத்திப் பதிக்கும் மடிப்புக் கோடு) போடாவிட்டால் மை வெடித்து வெள்ளைக் கோடு தெரியும், கிரீசிங்குக்குத் தனிக்கூலி. லேமினேஷன் இந்த வேலைக்குத் தேவையில்லை. வழவழப்பான ஆர்ட் பேப்பரில் எண்ணெய்க் கை பட்டாலும் அவ்வளவு எளிதில் ஊறாது, ஆகவே மடிப்பிதழுக்கு அது ஏற்றது. ஆனால் அதன்மேல் ஸ்டாம்ப் குத்தினால் மை காயாமல் இழுபடும், பேனாவும் சரியாக எழுதாது. எனவே விலைச்சீட்டை மட்டும் வழவழப்பு இல்லாத மேப்லித்தோ தாளில் அடியுங்கள்; அதில் ஸ்டாம்ப் மை உடனே உறிஞ்சப்படும், வீட்டு டெலிவரி எண்ணைக் கையால் எழுதியும் கொடுக்கலாம்.

க்யூஆர் கோடு போடுவதானால் 2 செ.மீ.க்குக் குறையாமல், வெள்ளைப் பின்னணியில் கறுப்பாகப் போடுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலி தரும் இணைப்பு அல்லது கூகுள் மேப்பில் கடை இருக்குமிடத்தின் இணைப்பு, இரண்டில் ஒன்று போதும். இலவசமாகச் செய்து தருவதாகச் சொல்லும் சில தளங்கள் தங்கள் தளத்தின் வழியாகச் சுற்றிப்போகும் க்யூஆர் கோடைத் தந்து, சோதனைக் காலம் முடிந்ததும் சந்தா கேட்கும். கட்டாவிட்டால் அச்சடித்த அத்தனை தாளிலும் கோடு செயலிழக்கும். ஸ்கேன் செய்தவுடன் உங்கள் இணைப்பே நேராகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வரைபட இணைப்பு இருந்தாலும் முகவரியில் பேருந்து நிறுத்தத்தையோ கோவிலையோ அடையாளமாகக் குறிப்பிட மறக்காதீர்கள். பாதிப் பேர் கேட்டுக் கேட்டுத்தான் வருவார்கள்.

அச்சகத்தில் விலை கேட்கும்போது வெறுமனே ‘நோட்டீஸ் எவ்வளவு’ என்று கேட்டால் மூன்று இடத்தில் மூன்று வெவ்வேறு பொருளுக்கு விலை சொல்வார்கள், ஒப்பிடவே முடியாது. அளவு, இருபுறம் நான்கு நிறம், தாளின் வகையும் கனமும், எண்ணிக்கை, மடிப்பு ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி எல்லா இடத்திலும் அதையே காட்டுங்கள். மடிப்புக்கூலியும் ஜி.எஸ்.டி.யும் சொன்ன விலைக்குள் அடக்கமா என்று தனியாகக் கேட்க வேண்டும். இவை இரண்டும்தான் பில்லில் பின்னால் வந்து சேர்பவை. பலருடைய வேலைகளை ஒரே பெரிய தாளில் சேர்த்து அடிக்கும் அச்சகங்கள் ஈரோட்டிலும் கோவையிலும் சிவகாசியிலும் உண்டு. பிளேட் செலவு பங்கிடப்படுவதால் விலை நன்றாகக் குறையும். அதற்கு ஈடாக, உங்கள் படத்துக்காக மட்டும் நிறத்தைக் கூட்டவோ குறைக்கவோ மாட்டார்கள், எண்ணெயின் பொன்னிறம் கொஞ்சம் முன்பின் ஆகலாம். கடை நோட்டீஸுக்கு அது பெரிய குறையில்லை என்பது என் கருத்து.

முன்பணம் கொடுக்கும் முன்பே ஓப்பன் ஃபைல், அதாவது திருத்தக்கூடிய மூலக் கோப்பு, உங்களுக்கு வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். அச்சுக்குப் போகும் கோப்பில் எழுத்துகளை கர்வாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றிவிடுவார்கள், அதன்பின் அதில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. திருத்தக்கூடிய கோப்பு அச்சகத்தாரிடம் மட்டும் இருந்தால், அடுத்த முறை தொலைபேசி எண்ணை மாற்றுவதற்குக்கூட அவரிடமே போய் நிற்க வேண்டியிருக்கும்.

அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் புரூஃபைத் திரையில் பார்த்து ‘ஓகே’ சொல்லாதீர்கள். உண்மையான அளவில் தாளில் எடுத்து, வெட்டி, மடித்துப் பாருங்கள். அந்தத் தாளைப் பார்த்தே உங்கள் எண்ணுக்கு டயல் செய்யுங்கள், அதிலிருந்தே க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள். பிறகு இதில் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் படித்தால் மனத்தில் இருப்பதைப் படிப்பீர்கள், அவர் தாளில் இருப்பதைப் படிப்பார்.

அச்சாகி வந்த 300 பிரதிகளை யாருக்குக் கொடுப்பது என்பதில் கறாராக இருங்கள். பாரியூர்க் குண்டம் திருவிழாக் கூட்டத்தில் நின்று விநியோகித்தால் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும், ஆனால் பெரும்பாலானவை அங்கேயே தரையில் கிடக்கும். அத்தகைய கூட்டத்துக்கு ஒரே நிறத்தில் அடித்த பிட் நோட்டீஸ் போதும். செய்தித்தாளுக்குள் வைப்பதும் அப்படியே. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று ஏஜென்ட் கூலி வாங்குவார். எந்தெந்தத் தெருக்கள் என்று கேட்டு, கடையிலிருந்து நடந்து வரக்கூடிய பகுதிக்கு மட்டும் வையுங்கள், அதற்கும் மடிக்காத ஒற்றைத் தாளே சரி. மடிப்பிதழ், பேச வாய்ப்புள்ளவர்களுக்கு உரியது: முதல் முறை எண்ணெய் வாங்கிப்போகும் ஒவ்வொருவரின் பையிலும் ஒன்று, கல்யாணச் சமையல் மாஸ்டர்களுக்கு நேரில் ஒன்று, பலகாரக் கடைகள், மெஸ்கள், எள்ளும் கடலையும் போடும் விவசாயிகள். மாஸ்டர் ஒருவர் ஒரு முகூர்த்தத்துக்கு வாங்கும் எண்ணெய், ஒரு வீடு பல மாதங்களுக்கு வாங்குவதற்குச் சமம்.

எந்த வழியில் கொடுத்தது பலன் தந்தது என்று தெரிய, மூலையில் அ, ஆ, இ என்று சிறிய குறி ஒன்றை ஸ்டாம்ப் குத்திக் கொடுங்கள். வழவழப்பான இதழில் ஸ்டாம்ப் நிற்காது என்பதால் குறியை உள்ளே இருக்கும் விலைச்சீட்டில் குத்துங்கள். சீட்டைக் கொண்டுவந்தால் சின்னதாக ஒரு சலுகை என்றால் மறக்காமல் கொண்டுவருவார்கள்; மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்து, எண்ணிக்கை மிகவும் குறைந்த வழியை இரண்டாம் சுற்றில் கைவிடலாம்.

இரண்டாம் சுற்றுக்கான நேரத்தையும் யோசித்து வையுங்கள். ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் புதிய காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அதன்பின் ஆண்டுக் கடைசி வரை காலண்டர், டைரி வேலைகள் நெருக்கும். முகூர்த்த மாதங்களில் உள்ளூர் அச்சகங்களிலும் கல்யாணப் பத்திரிகைதான் முதலில் ஏறும், சிறிய வேலைகள் தள்ளிப்போகும். தீபாவளிப் பலகார வியாபாரத்துக்கு நோட்டீஸ் வேண்டுமென்றால் அச்சுக்கான கோப்பை ஆவணி தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள், அப்போதுதான் புரூஃப் பார்க்கவும் திருத்தவும் அவகாசம் இருக்கும். அதுவரை கடையில் கேட்கப்படும் புதிய கேள்விகளை நோட்டில் தொடர்ந்து குறித்துவாருங்கள். முதல் பதிப்பில் யாரும் கேட்காத கேள்விக்கு எழுதிய பதில் எது என்பதும் அந்த நோட்டிலிருந்தே தெரியும், அதை எடுத்துவிட்டு அந்த இடத்தைப் புதிய கேள்விக்குக் கொடுக்கலாம்.